தீ அணைந்த பிறகுதான் பாதி வேலை
(நமது பாலக்காடு நிருபர்)

மார்கழியில் எழும்பும் கிழக்குக் காற்று, தை மாசி மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஓயாமல் வீசும். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இந்த மலை இடைவெளியில் கோவைப் பக்கத்து வறண்ட காற்று புகுந்து வந்து, கொடியில் போட்ட ஈரத் துணியை அரை மணி நேரத்தில் மொறமொறவென்று ஆக்கிவிடும். கஞ்சிக்கோட்டு ஆலைகளில் வேலை பார்க்கும் நமது தொழிலாளர்களுக்கும், ஒலவக்கோட்டு ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருப்போருக்கும் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. துணியை உலர்த்தும் அதே காற்றுதான் காட்டையும் உலர்த்துகிறது. இரவு ஷிப்டு முடிந்து திரும்பும்போது மலைச் சரிவில் சிவப்பு ஜரிகை இழுத்தது போல ஒரு கோடு நெளிவதைப் பலர் பார்த்திருப்பார்கள். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த ஜரிகையின் ஓரத்தில் பச்சைத் தழையும் கையுமாக நாலைந்து பேர் வெந்து கொண்டு நிற்பது நமது கண்ணுக்குத் தெரிவதில்லை.

மூங்கிலோடு மூங்கில் உரசிக் காடு பற்றிக் கொள்ளும் என்று சிறு வயதில் பாட்டி சொல்லக் கேட்டிருப்போம். அப்படிப் பிடித்த தீயை நமது மலைகளில் தேடினாலும் கிடைப்பது அரிது. அமெரிக்கா, கனடா போன்ற தேசங்களில் மின்னல் விழுந்து காடு எரிவது சகஜம். இங்கே இடியும் மின்னலும் பெரும்பாலும் மழையைக் கையோடு கூட்டிக் கொண்டே வருகின்றன. ஆகவே நமது காட்டுத் தீயில் ஏறக்குறைய எல்லாமே மனிதன் வைத்தது, அல்லது மனிதன் கை தவறி விட்டது. புதுப் புல் துளிர்க்கட்டும் என்று மாடு மேய்ப்பவர் வைப்பது ஒன்று. தேன் எடுக்கப் போட்ட புகை, தோட்டத்துச் சருகைக் கூட்டிக் கொளுத்தியது, சோறு பொங்கிவிட்டு அணைக்காமல் போன மூன்று கல் அடுப்பு என்று காரணங்கள் நீளும். பிறகு பீடி. நீராவி எஞ்சின் ஓடிய காலத்தில் வாளையாற்றுக் காட்டில் எஞ்சின் பொறி பறந்து லைன் ஓரத்துப் புல் பற்றுவதுண்டு என்று பழைய கேங்மேன்கள் சொல்வார்கள். அந்த எஞ்சின்கள் இந்தப் பாதையை விட்டுப் போய்ப் பல காலம் ஆகிறது. ஜன்னல் வழியே பீடித் துண்டைச் சுண்டிவிடும் கை மட்டும் போகவில்லை. ரயில் பெட்டியில் புகை பிடிப்பதே 1989-ம் வருஷத்து ரயில்வே சட்டப்படி குற்றம் என்பதை நமது அன்பர்களில் சிலர் இன்னும் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள்.

எல்லை தெரியாத தீ

பாலக்காட்டிலிருந்து இடுக்கி வரை மலை முகட்டில்தான் இரு மாநில எல்லை ஓடுகிறது. வரைபடத்தில் கோடு தெளிவாக இருக்கிறது. பாதைகள் அந்தக் கோட்டைக் கேட்டுப் போடப்பட்டவை அல்ல. பறம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆனால் அங்கே வண்டியில் போக வேண்டுமானால் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்சிலிப் என்று தமிழ்நாட்டைச் சுற்றித்தான் போக வேண்டும். கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம் தேனி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு ஜீப் போவதோ இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லியிலிருந்து. ஒருவர் காட்டில் தீப்பிடித்தால் மற்றவர் வீட்டு வாசல் வழியாகத்தான் ஓட வேண்டும்.

இந்த மலைகளில் வாட்சர் வேலை பார்ப்பவர்களில் முதுவர் போன்ற பழங்குடியினரும், நமது தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்தவர்களும் நிறைய உண்டு. மூணாறுத் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளுவோரும், போடி, கம்பத்திலிருந்து விடியற்காலை ஜீப்பில் ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வந்து போகும் பெண்களும் இந்தப் புல்மேடுகளின் ஓரமாகத்தான் நடமாடுகிறார்கள். காட்டுத் தீ என்பது சுற்றுலாக்காரர்களின் விஷயம் மட்டுமல்ல, நமது விஷயமும்கூட.

தீயைச் சுற்றி வேலி

ஊரில் கூரை பற்றினால் குடத்தை எடுத்துக் கொண்டு ஓடுகிறோம். மலையில் குடமும் இல்லை, கிணறும் இல்லை. தீயணைப்பு வண்டி ரோடு முடிகிற இடத்தில் நின்றுவிடும். ஆகவே காட்டுத் தீயைத் தண்ணீர் கொண்டு அணைப்பதைவிட, அதற்குத் தீனி கிடைக்காமல் செய்வதே முறை. தீக்கும் எரியாத காட்டுக்கும் நடுவே புல், சருகு, சுள்ளி எல்லாவற்றையும் வழித்தெடுத்து வெறும் மண் தெரியும்படி ஒரு பட்டை வெட்டுவார்கள். இதைத் தீத்தடுப்புக் கோடு என்று கோப்புகளில் எழுதுகிறார்கள். மலையில் எல்லோருக்கும் இது 'பயர் லைன்'தான். கோடை வருவதற்கு முன்பே இப்படிக் கோடுகள் வெட்டி, ஓரங்களை அளவாக எரித்தும் வைப்பதுண்டு. வரையாடுகள் வாழும் இரவிகுளம் தேசியப் பூங்காவின் புல்வெளிகளில் முதுவர்கள் இந்த வேலையில் தேர்ந்தவர்கள். எந்தச் சரிவில் எந்த நேரத்தில் காற்று திரும்பும் என்பது அவர்களுக்குக் கைரேகை மாதிரி.

தீ வந்துவிட்டால் முன்னால் போய் மறிக்கலாகாது என்பது முதல் பாடம். தீயின் வாலிலிருந்து, அதாவது ஏற்கெனவே எரிந்து முடிந்த பக்கத்திலிருந்து தொடங்கி, இரு விலாப் பக்கமும் அடித்துக்கொண்டே தலையை நோக்கி நெருக்கிப் போவார்கள். கையில் இருப்பது பெரும்பாலும் பச்சைக் குழைதான். அதை ஓங்கி அடித்தால் பொறி பறந்து புதுப் புல்லில் விழும். மேலே வைத்து அழுத்தி, எரிந்த பக்கமாக இழுத்துத் தள்ள வேண்டும். சருகு ஊதித் தள்ளும் இயந்திரங்களும் முதுகில் சுமக்கும் பம்புகளும் இப்போது பல இடங்களில் வந்திருக்கின்றன. இருந்தாலும் அரிவாளும் மண்வெட்டியும் குழையும் இன்னும் ஓய்வு பெறவில்லை.

தேக்குத் தோட்டத்துச் சருகில் தீ முழங்கால் உயரம் எரிந்து மெதுவாக ஊரும். இஞ்சிப்புல் போன்ற உயர்ந்த புல்லில் ஆள் உயரத்துக்கு மேல் எழும்பி ஓடும். மேட்டைப் பார்த்து ஏறும் தீக்கு வேகம் அதிகம். சரிவு 10 டிகிரி கூடினால் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது தீயணைப்போர் கணக்கு. பகலில் காற்று பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏறும், இரவில் மேட்டிலிருந்து இறங்கும். ஆகவே இரவும் விடியற்காலையும்தான் வேலைக்குத் தோதான நேரம். பனி இறங்கியிருக்கும், காற்று படுத்திருக்கும். ஆனால் அதே நேரத்தில் யானையும் நடமாடும், காலடியில் பள்ளமும் தெரியாது.

எதுவும் பலிக்காவிட்டால் எதிர்த்தீ. வெட்டிய கோட்டிலிருந்து வருகின்ற தீயை நோக்கி வேண்டுமென்றே ஒரு தீ வைப்பது. இரண்டும் நடுவழியில் மோதித் தீனியில்லாமல் படுத்துவிடும். கேட்பதற்கு எளிது. காற்று ஒரு நிமிஷம் திரும்பினால் வைத்தவர்கள் கதி அதோகதி. பழக்கப்பட்ட தலைவன் இல்லாமல் இதில் கை வைக்கவே கூடாது.

புகை அடங்கிய பிறகு

பத்திரிகைகளில் 'தீ கட்டுக்குள் வந்தது' என்று ஒரு வரி வரும். அதோடு வாசகர் அடுத்த செய்திக்குப் போய்விடுகிறார். உண்மையில் கட்டுக்குள் வந்தது வேறு, அணைந்தது வேறு. ரயில்வேயில் வண்டி ஸ்டேஷனை விட்டுப் புறப்பட்டதற்கும் அடுத்த ஸ்டேஷனில் வந்து சேர்ந்ததற்கும் எத்தனை வித்தியாசம் உண்டோ அத்தனை. வண்டி முழுசாக வந்து சேர்ந்து, கடைசிப் பெட்டியைக் கண்ணால் பார்த்த பிறகுதான் லைன் கிளியர்.

கிராமத்தில் நமது தாய்மார்கள் இரவில் அடுப்புக் கங்கைச் சாம்பலால் மூடி வைப்பார்கள். தீப்பெட்டி வாங்கக் காசில்லாத வீடுகளில் காலையில் அந்தச் சாம்பலைக் கிளறி ஊதினால் கங்கு கண் திறக்கும். காட்டிலும் இதேதான் நடக்கிறது. மேலே எல்லாம் கரிந்து அடங்கியது போலிருக்கும். உள்ளே பட்டுப்போன மரத்தின் வேர் மண்ணுக்கடியில் புகைந்துகொண்டே போகும். பொந்து விழுந்த மரம் புகைபோக்கி மாதிரி உள்ளுக்குள் இழுத்து, உச்சியிலிருந்து பொறியைத் தூவும். காய்ந்த யானைச் சாணம் ஊதுபத்தி போல மணிக்கணக்கில் கனலும். மறுநாள் பகல் பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறிக் காற்று கிளம்பியதும், நேற்று அணைத்துவிட்டு வந்த இடத்திலிருந்தே புகை எழும்பும். இரண்டு நாள் பட்ட பாடு வீண்.

இந்த மிச்சத் தீயைத் தேடி அணைப்பதற்குத்தான் ஆளும் நேரமும் அதிகம் பிடிக்கும். முதலில் எல்லைக் கோட்டின் ஓரமாக நடந்து, உட்பக்கம் இருபது முப்பது மீட்டர் ஆழத்துக்குப் புகையும் பொருள் ஒன்றுகூட இல்லாமல் பார்க்கிறார்கள். நட்ட நடுவில் ஒரு கட்டை எரிந்தால் எரியட்டும். சுற்றிலும் கரிந்து கிடப்பதால் அதற்குப் போக்கிடம் இல்லை. ஓரத்தில் இருக்கும் கட்டைதான் எதிரி. சரிவில் கிடக்கும் உருட்டுக் கட்டை இன்னும் ஆபத்து. பாதி எரிந்ததும் பிடிப்பு விட்டு உருண்டு, கோட்டைத் தாண்டிக் கீழே புதுப் புல்லில் போய் விழும். அதனால் கட்டையை மேடு பள்ளம் பார்த்துத் திருப்பிப் போடுவார்கள், அல்லது அதன் கீழ்ப்புறத்தில் பள்ளம் பறித்து வைப்பார்கள். கோட்டுக்கு அருகில் பொந்து மரம் நின்றால் பொறி தாண்டி விழாதபடி அதை வெட்டிச் சாய்க்க வேண்டியிருக்கும்.

மண்ணைப் போட்டு மூடினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். மூடினால் அது கரிமூட்டம் ஆகிவிடும். சுட்ட கங்கை வெட்டிப் பிரித்து, சுரண்டி, குளிர்ந்த மண்ணோடு கிளறிக் கலந்து, தண்ணீர் இருந்தால் தெளித்து, மறுபடியும் கிளற வேண்டும். தோசை மாவு கரைப்பது மாதிரி, கட்டி இருக்கக் கூடாது. கொஞ்சம் தண்ணீரும் நல்ல கிளறலும் இருந்தால், கிளறாமல் ஊற்றும் ஒரு டேங்கர் தண்ணீருக்குச் சமம்.

கடைசியாகத் தொட்டுப் பார்ப்பது. புறங்கையைத் தரைக்கு மேலே கொண்டு போய், சூடு தெரியாவிட்டால் மெதுவாக வைத்துப் பார்ப்பார்கள். உள்ளங்கையைவிடப் புறங்கைக்குச் சூடு சீக்கிரம் உறைக்கும்; சுட்டாலும் மறுநாள் மண்வெட்டி பிடிக்க உள்ளங்கை மிஞ்சும். ரயில்வேயில் வண்டி வந்து நின்றதும் கேரேஜ் ஸ்டாப் சக்கரப் பெட்டிகளைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே நடப்பார்களே, அதே வித்தைதான். அங்கே ஹாட் ஆக்ஸில், இங்கே சுட்ட வேர். காலையிலும் மாலையிலும் சூரியன் சாய்வாக இருக்கும்போது மெல்லிய புகைகூடக் கண்ணுக்குத் தெரியும். அப்போது ஒரு சுற்று. பகல் உச்சியில் காற்று எழும்பும்போது மறு சுற்று. இப்படி ஒன்றிரண்டு நாள் புகை காணாத பிறகுதான் அது அணைந்த தீ.

இந்த வேலைக்குப் போட்டோ கிடையாது. கரி பூசிய முகத்தோடு நாலு பேர் தரையைத் தடவிக் கொண்டிருப்பதை எந்தப் பத்திரிகை போடும்?

ஷொரனூருக்கு அக்கரையில்

2020 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை. ஷொரனூர் ஜங்ஷனுக்கு எதிரே பாரதப்புழையின் தென்கரையில், திருச்சூர் மாவட்டம் தேசமங்கலம் பஞ்சாயத்தில் கொற்றம்பத்தூர் என்ற இடம். காகித ஆலைக்கென்று மரம் வளர்த்த தோட்டத்தில் தீ. அணைக்கப் போன காட்டிலாகா வாட்சர்கள் மூவரைத் தீ சூழ்ந்துகொண்டது. மூவரும் மாண்டார்கள். உள்ளூர் மலைப்பாதைகளைப் பழக்கமாக அறிந்தவர்கள் அவர்கள். அடர்ந்த அடிக்காடும் உலர்ந்த காற்றும் சேர்ந்தால் அனுபவசாலிக்கும் தப்ப வழி கிடைப்பதில்லை.

தீயணைக்கும் வாட்சர்களில் பலர் தினக்கூலிகள். தீக்காலம் முடிந்தால் வேலையும் முடியும். பூட்ஸ், தீத்தாங்கும் சட்டை, தலைக்கவசம், ஆளுக்கு ஐந்து லிட்டர் குடிதண்ணீர், வாக்கி டாக்கி, இன்ஷூரன்ஸ் ஆகியவை தீக்காலம் தொடங்குவதற்கு முன்பே அவர்கள் கைக்கு வந்து சேர வேண்டும். ரப்பர் செருப்போடு ஒருவரைக் கங்குக் காட்டுக்குள் அனுப்புவது எந்த இலாகாவுக்கும் அழகல்ல என்பது இந்த நிருபரின் கருத்து.

குரங்கணி

போடிக்கு மேற்கே இருக்கும் குரங்கணி, ரயில்வேக்காரர்களுக்கு வேறு ஒரு விதத்தில் பரிச்சயமான இடம். மூணாற்றுத் தேயிலையைக் குண்டளைப் பள்ளத்தாக்கு ரயில் டாப் ஸ்டேஷன் வரை கொண்டு வரும்; அங்கிருந்து ரோப்வேயில் மலையடிவாரத்தில் குரங்கணிப் பக்கம் இறக்கிப் போடிக்கு அனுப்புவார்கள். 1924 வெள்ளத்தில் அந்த ரயில் அழிந்தது. பெயர் மட்டும் ஸ்டேஷனாக நிற்கிறது.

2018 மார்ச் 11, இதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கொழுக்குமலையிலிருந்து குரங்கணி நோக்கிக் காய்ந்த புல் சரிவில் இறங்கிக் கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் தீயில் சிக்கினார்கள். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்த முப்பதுக்கும் மேற்பட்டோர், பெண்கள் பலர். கீழிருந்து எழும்பிய தீ நொடியில் மேலே வந்தது. ஆளுக்கொரு திசையில் ஓடினார்கள், சிலர் பள்ளத்தில் விழுந்தார்கள். குரங்கணி ஊர்க்காரர்களும் மலைவாசிகளும்தான் முதலில் ஏறிப் போய், காயம்பட்டவர்களைப் போர்வையிலும் டோலியிலும் சுமந்து இருட்டில் இறக்கினார்கள். விமானப்படை ஹெலிகாப்டர்களும் கமாண்டோக்களும் வந்தனர். மதுரை, தேனி ஆஸ்பத்திரிகளில் பல நாள் போராடியவர்களையும் சேர்த்து 23 உயிர்கள் போயின. ஐ.ஏ.எஸ். அதிகாரி அதுல்ய மிஸ்ரா தலைமையில் தமிழக அரசு விசாரணை வைத்தது. அதே ஆண்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகளும் வந்தன. தீக்காலத்தில் அந்தப் பாதைகளை மூடுவது இப்போது வழக்கமாகியிருக்கிறது.

தீ கீழிருந்து வந்தால் மேலே ஓடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் மேலே ஓடும் மனிதனைவிட மேலே ஓடும் தீ வேகமானது. பக்கவாட்டில், பாறைக்கோ, ஓடைக்கோ, வெறும் மண்ணுக்கோ விலக வேண்டும். எல்லாவற்றையும்விடப் பத்திரமான இடம் ஏற்கெனவே எரிந்து கருகிய தரை. ஒரு முறை எரிந்த புல் மறுமுறை எரியாது. அமெரிக்காவில் மான்டானா மாகாணத்து மான் கல்ச் என்ற பள்ளத்தாக்கில் 1949 ஆகஸ்ட் 5-ந் தேதி, விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்துத் தீயணைக்கப் போன குழுவைப் புல் தீ துரத்தியது. குழுத் தலைவர் வாக்னர் டாட்ஜ், ஓடுவதை நிறுத்தித் தன் முன்னால் இருந்த புல்லுக்குத் தீக்குச்சி கிழித்து வைத்தார். அது எரிந்து போன சாம்பலில் குப்புறப் படுத்துக்கொண்டார். கூட வரும்படி கூப்பிட்டும் மற்றவர்கள் நம்பாமல் மேட்டில் ஓடினார்கள். இருவர் முகட்டைத் தாண்டிப் பிழைத்தனர். 13 பேர் மாண்டனர். டாட்ஜ் சாம்பலிலிருந்து எழுந்து நடந்தார். நாமாகத் தீ வைக்க வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. கருகிய தரையின் மதிப்பு தெரிய வேண்டும் என்பதற்காகத்தான். நைலான், பாலியெஸ்டர் துணி உருகி உடம்பில் ஒட்டிக்கொள்ளும் என்பதையும் ஏலத்தோட்டத்துப் பெண்கள் கவனத்தில் வைப்பது நல்லது. பருத்திச் சேலை அந்த வகையில் மேல்.

வானத்திலிருந்து

இன்று டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் வெப்பப் புள்ளிகளைக் கண்டறிந்து, அந்தந்தப் பகுதிக்கு எச்சரிக்கை அனுப்புகிறது. பயனுள்ள ஏற்பாடு. ஆனால் செயற்கைக்கோள் நாளுக்குச் சில முறைதான் தலைக்கு மேல் கடக்கும். புள்ளியைக் காட்டும், அணைக்காது. 2023 ஏப்ரலில் கோவை ஆலாந்துறைப் பக்கத்து மலைத் தீயை அணைக்கச் சூலூரிலிருந்து விமானப்படை ஹெலிகாப்டர் வந்தபோது, நமது மலம்புழை அணையிலிருந்தே தொங்கு தொட்டியில் தண்ணீர் மொண்டு போயிற்று. கேரளத்துத் தண்ணீர், தமிழ்நாட்டுத் தீ. அந்த ஏற்பாடு இரு பக்கத்து அரசியல்வாதிகளும் பார்க்க வேண்டிய காட்சி. எனினும் வாளி கொட்டிவிட்டுப் போன பிறகு கீழே கிளறுவதற்கு ஆள் வேண்டியிருந்தது.

புகையைப் பார்த்தால் 112-க்கோ 101-க்கோ போன் செய்யலாம். அருகில் உள்ள காட்டிலாகா அலுவலகத்திலும் சொல்லலாம். எந்த மலை, எந்தத் தோட்டத்துக்கு மேல், மேட்டிலா பள்ளத்திலா, காற்று எந்தப் பக்கம் என்ற நான்கு விவரமும் சொன்னால் போதும். எல்லைப் பகுதியில் நமது செல்போன் பக்கத்து மாநில டவரைப் பிடித்துக்கொள்வது எல்லோருக்கும் தெரிந்ததே. ஆகவே நீங்கள் நிற்பது கேரளமா தமிழ்நாடா என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அரை மணி நேரம் மிச்சமாகும்.